மண்ணில்லாச் சாகுபடியும் நீர்க் கசிவும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தில் நிலத்தின் ஸ்திதி மாறிவந்திருப்பதை யாவரும் அறிவர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. இவற்றைச் சார்ந்து எத்தனையோ சிறு தொழிற்சாலைகளும், கிடங்குகளும், தொழிலாளர் விடுதிகளும் எழும்பின. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சைகளில் ஒரு பகுதி இன்று சுற்றுச்சுவருக்குள் அடங்கிவிட்டது. நிலம் சுருங்கியது, கீரையும் காய்கறியும் வாங்கி உண்போர் தொகை பெருகியது. ஆகவே மிராசுதார்களில் சிலர் தங்கள் வீட்டு மெத்தையின் மேல் குழாய்களையும் தொட்டிகளையும் அமைத்து, மண்ணின்றி உரநீரிலேயே கீரை பயிரிட முற்படுவதில் வியப்பில்லை.

இம்முறையில் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது பூச்சியுமன்று, நோயுமன்று, ஒழுக்கேயாம். குழாய் இணைப்பில் கசிவு, தொட்டியின் அடியில் ஈரம், காலையில் எழுந்து பார்த்தால் காலியான தொட்டி, வாடிக் கிடக்கும் நாற்று. இரண்டு தடவை இப்படி நேர்ந்தால் குழாய்கள் கழற்றப்பட்டு மாட்டுக்கொட்டகையின் மூலையைச் சேருகின்றன. “இது நமக்கு ஒத்துவராத வித்தை” என்ற பேச்சும் ஊரில் பரவிவிடுகிறது. குற்றம் வித்தையினுடையதன்று. கரையைச் சரியாகக் கட்டாமல் ஏரியில் நீர் நிறுத்தியவன், நீர் நிற்கவில்லையென்று மழையை நோவதற்கு இது ஒப்பாகும்.

இம்முறையின் வரலாறு

தாவரங்களை நீரிலேயே வளர்த்துக் காட்டும் பரிசோதனைகளை ஜெர்மனியில் ஸாக்ஸ், நாப் என்னும் இரு விஞ்ஞானிகள் 1860-ஐ ஒட்டிய வருஷங்களில் செய்தனர். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர் இதனைச் சாகுபடி முறையாக வளர்த்து, 1937-ல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை வழங்கினார். கிரேக்க மொழியில் நீர், உழைப்பு என்னும் இரு சொற்கள் சேர்ந்தது அப்பெயர். 1938-ல் அதே சர்வகலாசாலையின் ஹோக்லண்ட், ஆர்னான் என்பவர்கள் உரநீரின் கலவையை வெளியிட்டனர். அதனை அடியொற்றிய கலவைகளே இன்றும் வழங்குகின்றன. நமது தேசத்தில் 1946-ல் வங்காளத்துக் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் பரிசோதனைகளைத் தொடங்கி, ஜல்லியும் மணலும் நிரப்பிய எளிய தொட்டிகளைக் கொண்டு ‘வங்காள முறை’ என ஒன்றை வகுத்தார். விலையுயர்ந்த யந்திரங்களை விலக்கி, உள்ளூரில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு நடத்துவதே அதன் நோக்கம். இந்த நோக்கத்தை நம்மவர் இன்று மறந்துவிட்டனரோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இப்போது கடைகளில் மிகுதியாக விற்கப்படுவது, சரிவாக வைத்த குழாய்களுக்குள் மெல்லிய ஏடுபோல் உரநீரை ஓடவிடும் முறை. இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் என்பவர் 1960-களில் இதனை உருவாக்கினார். பார்வைக்கு அழகானது, இடத்தைச் சிக்கனப்படுத்துவது. ஆனால் வேர்களுக்கு அந்த மெல்லிய ஓட்டத்தைத் தவிர வேறு கையிருப்பு இல்லை. ஒழுக்கினால் தொட்டி வற்றி மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கினால், அக்கினி நட்சத்திர வெயிலில் சில மணி நேரத்துக்குள் பயிர் வாடிவிடும். வயலில் மடை உடைந்தால் மண் இரண்டு நாளாவது ஈரத்தைக் காக்கும். இங்கே அந்தத் தயவு இல்லை.

சொட்டு நீரின் கணக்கு

“ஒரு சொட்டுத்தானே” என்பார் உண்டு. கணக்கைப் பார்க்கலாம். இருபது சொட்டு சேர்ந்தால் சுமார் ஒரு மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளில் 86,400 சொட்டு, அதாவது 4 லிட்டருக்கு மேல்; ஒரு மாதத்தில் ஏறக்குறைய 130 லிட்டர். நூறு லிட்டர்த் தொட்டி வைத்திருப்பவர் தம் தொட்டியைவிட அதிகமான நீரை மாதந்தோறும் தளத்தில் கொட்டுகிறார். மண்ணில்லாச் சாகுபடியில் நீர் மிச்சமாகும் என்பதற்குக் காரணமே, ஒரே நீர் திரும்பத் திரும்பச் சுற்றிவருவதுதான். சுற்றிவராமல் வெளியேறும் நீரில் சிக்கனம் எங்ஙனம் உண்டாகும்? 2019-ம் வருஷத்துக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, சென்னைப் பட்டணம் குடிநீருக்குத் தவித்ததைக் கண்ணால் கண்ட இப்பிரதேசத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒழுகுவது வெறும் நீருமன்று. விலை கொடுத்து வாங்கிய உப்புகள் கரைந்த உரநீர். ஹோக்லண்ட் கலவையின் முழு வலுவில் லிட்டருக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உண்டு. குடிநீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆகையால் கலவையைப் பாதி வலுவாக்கினாலும், ஒழுகும் நீர் குடிநீர் வரம்பைப்போல் சுமார் பத்து மடங்கு நைட்ரேட்டைக் கொண்டிருக்கும். அது வீட்டுக் கிணற்றையோ கைப்பம்பின் அடியையோ சேருமாறு விடுவது தகாது. அன்றியும், மெத்தைத் தளத்தில் ஓயாது ஈரம் ஊறினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும். கீரை விற்ற காசு தளத்தின் மராமத்துக்குப் போதாது.

ஒழுக்கு உண்டாகும் காரணங்கள்

முதலாவது, இணைப்பு. குழாயை வளைவாக அறுப்பதும், அறுத்த பிசிறை நீக்காமல் விடுவதும், தூசியும் ஈரமும் இருக்கும்போதே பி.வி.சி. சொல்யூஷனைத் தடவுவதும், தடவிய ஒரு மணிக்குள் நீரை விடுவதும் பொதுவான பிழைகள். குழாயை நேராக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இரு பக்கமும் தடவி, அழுத்திச் சிறிது திருப்பி, ஒரு முழு நாள் உலரவிட வேண்டும். பிறகு இரண்டு தடவை நல்ல நீர் விட்டுக் கழுவிய பின்பே பயிரை வைக்கலாம். சொல்யூஷனின் வாடை வேருக்கு ஆகாது.

இரண்டாவது, வெயில். பி.வி.சி. குழாய் உஷ்ணத்தில் நீளும், குளிரில் சுருங்கும். மூன்று மீட்டர்க் குழாய் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் 25 டிகிரி சூடேறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் அசையவொட்டாமல் கம்பியால் இறுக்கிக் கட்டினால் அந்த நீட்சி முழுவதும் இணைப்பின் மேல் பாய்ந்து, நாளடைவில் விரிசல் காணும். ஒரு முனையை மட்டும் இறுக்கி, மறு முனையைத் தாங்கியின் மேல் வழுக்கும்படி விடுதல் நலம். வெயில் நேரே பட்ட குழாய் சில வருஷங்களில் மொறுமொறுப்பாகிவிடும். வெள்ளை வர்ணம் பூசுவதும், நிழல்வலை கட்டுவதும் குழாய்க்கும் வேருக்கும் ஒருங்கே நன்மை தரும்.

மூன்றாவது, தொட்டியில் இட்ட துளை. டிரில்லால் இட்ட துளை கோணலாயிருந்தால் ரப்பர் வாஷர் படியாது. தொட்டியின் சுவர் சமமாயிருக்கும் இடத்தில் துளையிட்டு, நீரின் பக்கமாக வாஷரை வைத்து, கையால் முடுக்கியபின் அரைச் சுற்று மட்டும் சாவியால் முடுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி முடுக்கிப் பிளந்த தொட்டிகள் முடுக்காமல் கெட்டவற்றைவிட அதிகம். தண்ணீர்த் தொட்டிகளும் பீப்பாய்களும் பெரும்பாலும் பாலித்தீன் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பி.வி.சி. சொல்யூஷனும் ஒட்டாது, சிலிக்கோனும் நிலைத்து ஒட்டாது.

நான்காவது, வேர். இதனைப் பலர் ஒழுக்கென்றே எண்ணுவதில்லை. கீரை முற்றியதும் வேர்கள் குழாயின் வடிகால் வாயை அடைத்துக்கொள்ளும். வழி மறைந்த நீர், செடி வைத்த துளைகளின் வழியே வெளியே வழியும். கலங்கல் தூர்ந்த ஏரி கரை மேல் வழிவதும் இதுவும் ஒன்றே. வடிகாலை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் வைத்து, வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்ப்பதே இதற்குப் பரிகாரம்.

ஐந்தாவது, மின்சாரம் நின்றுபோதல். மோட்டார் நின்றவுடன் குழாய்களில் இருக்கும் நீரெல்லாம் தொட்டிக்குத் திரும்பும். ஆறு குழாய்களில் ஐந்தைந்து லிட்டர் இருந்தால் 30 லிட்டர் இறங்கும்; நூறு லிட்டர்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பியிருந்தால் அந்த 30 லிட்டரும் தளத்துக்கே. ஆகவே அவ்வளவுக்கு இடம் ஒழித்துக் கோடு கிழித்து, கோட்டுக்கு மேல் நிரப்பலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியில்லாத தொட்டிக்கும் இதே கதி. நீரும் வழியும், உரமும் நீர்த்துப்போகும். நீரேற்றும் குழாயின் வாய் மேல் தொட்டி நீருக்குள் அமிழ்ந்திருந்தால், மோட்டார் நின்றபின் அதன் வழியே நீர் தானே பின்வாங்கி இறங்கும். நீர்மட்டத்துக்கு மேலே அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டால் காற்றுப் புகுந்து அது நின்றுவிடும்.

கண்டுபிடிக்கும் முறை

தொட்டியில் நீர் குறைவதெல்லாம் ஒழுக்கன்று. பயிர் குடிக்கும், வெயிலும் குடிக்கும். இவற்றைப் பிரித்தறிய வேண்டும். பகலில்தான் இலைகள் மிகுதியாக நீரை வெளியிடும். இரவில் மிகக் குறைவு. ஆகையால் அந்தியில் நீர்மட்டத்தைக் குறித்து, விடியற்காலையில் மறுபடியும் பார்த்தால் உண்மை விளங்கும். இரவில் மட்டம் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியிருந்தால் ஒழுக்கு உண்டென்று கொள்ளலாம். டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்போருக்கு மற்றொரு குறிப்பும் உண்டு. வெயிலும் இலையும் நீரைமட்டும் கொண்டுபோனால் மிஞ்சிய நீரில் உப்பு கூடும். ஒழுக்கு நீர் உப்பையும் உடன்கொண்டு போகும். கோடையில் மட்டம் விரைவாக இறங்கியும் மீட்டரின் எண் ஏறாவிட்டால் சந்தேகிக்க வேண்டும். பயிரும் உப்பை உட்கொள்வதால் இதனை மட்டும் நம்பாமல் இரவுச் சோதனையையும் செய்தல் முறை.

அடுத்து, இடத்தை அறிய வேண்டும். பயிரை வாளிகளுக்கு மாற்றியபின், மோட்டாரை நிறுத்தி நீரைத் தொட்டியிலேயே நிற்கவிடலாம். அப்போதும் மட்டம் இறங்கினால் குற்றம் தொட்டியில். ஓடும்போது மட்டும் இறங்கினால் குழாயில். இணைப்புகளின் அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தால் நனைந்த இடம் காட்டிக்கொடுக்கும். பழைய ஒழுக்காயின் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அதுவே சாட்சி.

பழுது பார்த்தல்

ஒழுக்கைக் கண்டதும் முதற்காரியம், கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துவது. ஈரத்தளமும் மின்சாரமும் கூடிய இடத்தில் உயிர்ச்சேதம் நேரக்கூடும். வீட்டு இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவில் தானே துண்டிக்கும் கருவி இல்லாமல் மோட்டாரை ஓட்டுதல் கூடாது. மோட்டாரின் ஒயரை ஸ்விட்சுப் பெட்டிக்குத் தாழ்வாக ஒருமுறை தொங்கவிட்டே மேலேற்ற வேண்டும்; ஒயரின் வழியே இறங்கும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

இரண்டாவது, பயிரைக் காப்பாற்றுதல். செடிகளைக் குழாயினின்று எடுத்து, அதே உரநீர் உள்ள வாளிகளில் வேர் அமிழ நிறுத்தி, நிழலில் வைத்து, நனைந்த சாக்கைச் சுற்றினால் ஒரு பகல் தாங்கும். அதற்குள் வேலையை முடிக்கலாம்.

மூன்றாவது, மராமத்து. அவசரத்துக்குச் சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து, வெடிப்பின் மேல் இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டலாம். இது ஓரிரு நாளைக்கே. எம்-சீல் போன்ற மாவுகளை ஈரத்தின் மேல் அப்பினால் பயனில்லை. உலரவைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பின்பே பிடிக்கும். நிலையான மராமத்து, கெட்ட துண்டை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத்துண்டும் கப்பிளிங்கும் வைப்பதுதான். மரை இணைப்பாயின் பழைய டெஃப்லான் நாடாவை முழுதும் உரித்து, மரை முடுக்கும் திசையிலேயே மூன்று நான்கு சுற்றுப் புதிதாகச் சுற்ற வேண்டும். பாலித்தீன் தொட்டியில் துளை கெட்டால், அதைப் பூசி மெழுகுவதைவிடப் பெரிய அளவு நிப்பிளை வாஷருடன் புதிதாகப் பொருத்துதல் உத்தமம்.

பின்பு நல்ல நீரை நிரப்பி ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்காமல் உரத்தைக் கலக்கலாகாது. புதிதாக அமைப்பவருக்கும் இதுவே விதி. கழித்த உரநீரைச் சமபாகம் நீர் கலந்து தென்னைக்கோ வாழைக்கோ விடலாம். கிணற்றோரத்திலும் ஏரிக் கால்வாயிலும் கொட்டலாகாது.

எதனைத் தேர்ந்தெடுப்பது

இவ்வளவும் கூறியபின் ஓர் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்வது கடமையாகிறது. நம் பிரதேசத்து வெயிலுக்கும், மின்சாரம் எதிர்பாராமல் நிற்கும் வழக்கத்துக்கும், வீட்டளவில் முதன்முதல் தொடங்குபவர்க்கு, பல இணைப்புகள் கொண்ட சரிவுக் குழாய் முறை ஏற்றதன்று. இருபது இணைப்பு உள்ள அமைப்பில் ஒழுகக்கூடிய இடமும் இருபது. இணைப்பே இல்லாத ஆழ்ந்த தொட்டியில் நீரை நிறுத்தி, காற்றுக் குமிழி விட்டு வளர்ப்பதோ, ஜல்லி நிரப்பிய தொட்டியில் கையால் உரநீர் ஊற்றுவதோ மேல். ஒழுக்கு நேர்ந்தாலும் பயிர் உடனே மாளாது. வீட்டுப் பெண்மக்களும் பிள்ளைகளும் மேற்பார்க்கலாம். நீர் லிட்டர் ஒன்றுக்கு ஒரு கிலோ எடை என்பதால், தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் அடிச்சுவருக்கு நேராகப் பரப்பி வைக்க வேண்டும். குழாய் முறை அழகும் இலாபமும் உடையதென்பதை மறுக்கவில்லை. கை பழகியபின் அதற்குப் போகலாம். நடை பயிலுமுன் குதிரை ஏறுவானேன்?

தொழிற்சாலைகள் நிறைந்த இவ்விடத்தில் மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பீப்பாய்களில் முன்பு என்ன இருந்ததென்பது பெரும்பாலும் தெரியாது. எண்ணெயும் இரசாயனமும் இருந்த பீப்பாயை எத்தனை தடவை கழுவினும் உண்ணும் கீரைக்கு உபயோகிக்கலாகாது. மலிவு கருதி விஷத்தை வாங்குதல் சிக்கனமன்று.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு

“இது பட்டணத்தார் விளையாட்டு, இதில் நமக்கென்ன?” என்று கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஒதுக்குதல் சரியன்று. மெத்தையின் மேல் ஒழுகும் குழாயும், தெருவில் ஒழுகும் குடிநீர்க் குழாயும், ஏரி மதகில் ஒழுகும் கதவும் ஒரே அசட்டையின் மூன்று உருவங்கள். இம்மாவட்டத்தின் செல்வம் ஏரிகளே. அவற்றின் கரையில் நண்டு வளையையும் எலி வளையையும் அடைப்பதும், மதகைச் செப்பனிடுவதும், வரத்துக் கால்வாயைத் தூர் எடுப்பதும் ஊராரின் வேலையாக இருந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கம் தளர்ந்தபோது 1858-ல் சட்டமியற்றியும் நிலைநிறுத்தப் பார்த்தனர். 2017-ம் வருஷம் மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம் குடிமராமத்துத் திட்டத்தை 100 கோடி ரூபாயில், 1,519 வேலைகளுடன், காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கிவைத்தது. அத்தனை அருகில் நடந்த காரியத்தின் கருத்தை இப்பிரதேசத்தார் மறக்கலாகாது.

கருத்து யாதெனில், நீரைச் சேர்ப்பது பாதி, சேர்த்ததைக் காப்பது மறுபாதி என்பதே. மெத்தைத் தோட்டம் ஏரிப் பாசனத்துக்கு ஈடாகாது. நாலு கட்டுக் கீரையும் கொஞ்சம் கொத்தமல்லியும் விளைவித்துக் குடும்பத்தின் செலவைக் குறைக்கும், சமீபத்தில் விடுதிகள் இருந்தால் சிறு வரும்படியும் தரும், அவ்வளவே. நெல்லையும் நிலக்கடலையையும் குழாய்க்குள் எதிர்பார்த்து, எஞ்சிய நஞ்சையையும் அதன் ஏரியையும் கைவிடுவோர் இரண்டையும் இழப்பர். ஆயினும் மெத்தைத் தோட்டத்தில் ஒரு படிப்பினை உண்டு. அங்கே அசட்டையின் பலன் அன்று மாலைக்குள் வாடிய இலையாகக் கண்முன் நிற்கும். ஏரியில் அதே அசட்டையின் பலன் பல வருஷம் கழித்தே தெரியும், அப்போது பரிகாரமும் பெருஞ்செலவாகும். பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, அந்தியிலும் விடியலிலும் மட்டம் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்கினால், அவர்கள் நாளை மதகடியில் நின்று ஒழுக்கைக் கேட்கும் குடிகளாவர்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது மூத்தோர் வாக்கு. ஆவணி பிறந்ததும் மிராசுதார்கள் தங்கள் மெத்தைக் குழாய்களை ஒருமுறை சோதித்து, அதே வாரத்தில் ஊராருடன் கரையேறி மதகையும் கலங்கலையும் பார்த்துவருவார்களாக. சிறு ஒழுக்கைச் சிறிதாயிருக்கும்போதே அடைப்பவனுக்கு ஒரு முழ நாடாவும் ஒரு நாள் உழைப்பும் போதும். நாளை பார்க்கலாமென்று விட்டவனுக்கு ஏரி நீர் முழுவதும் போதாது.